நாலு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு டிக்கெட் தேடிப் பாருங்க

ராயபுரத்துல எங்க தெரு அக்கா ஒருத்தங்க போர்ட் பிளேர்ல அண்ணன் வீட்டு காதுகுத்துக்கு ஃப்ளைட்ல கிளம்புறாங்க, மொத்தம் நாலு பேர். "ஒரு டிக்கெட் காலைல 6,000 காட்டுச்சு, இப்ப 7,200 காட்டுது, ஏமாத்துறானுங்களா"ன்னு போனை நீட்டுனாங்க. பாத்தா காலைல ஒரு ஆளுக்கு தேடியிருக்காங்க, இப்ப நாலு ஆளுக்கு.

எகானமி சீட்டு எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும் ஏர்லைன் அதை ஒய், எம், கியூன்னு எழுத்து போட்டு பல கிளாஸா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரேட்டு வச்சிருக்கும். ஒய் பெரும்பாலும் முழு ரேட்டு, மத்த எழுத்தெல்லாம் கம்பெனிக்கு கம்பெனி மாறும். கம்மி ரேட்டு கிளாஸ்ல மூணு சீட்டுதான் மிச்சம்னா, நாலு பேருக்கு சேத்து கேக்கும்போது நாலு பேரையுமே அடுத்த ரேட்டுக்கு தள்ளிடும். இதுதான் நிறைய பேருக்கு தெரியல.

முதல்ல கூகுள் ஃப்ளைட்ஸ்ல தேதி பாருங்க. விடிகாலை ஃப்ளைட் சீப்பா இருந்தா உடனே எடுக்காதீங்க, மெட்ரோ 5 மணிக்குதான் ஆரம்பிக்கும், வண்ணாரப்பேட்டைல இருந்து ஏர்போர்ட் வரைக்கும் ஆட்டோ காசையும் சேத்து கணக்கு போடுங்க.

அப்புறம் ஒரு ஆளுக்கு தேடுங்க, ரேட்டை எழுதி வைங்க. ரெண்டு, மூணு, நாலுன்னு ஏத்திட்டே போங்க. எங்க ரேட்டு குதிக்குதோ அதுக்கு முந்தின நம்பர்தான் அந்த கிளாஸ்ல மிச்சம்.

எழுத்தையே பாக்கணும்னா ஐடிஏ மேட்ரிக்ஸ்னு கூகுளோட சைட் இருக்கு, டிக்கெட் விக்காது, ஆனா எகானமி பக்கத்துல கிளாஸ் எழுத்தை காட்டும். சில சைட்ல "ஒய்9 எம்4 கியூ0"ன்னு வரும். கியூல சீட்டு தீந்துபோச்சு, எம்ல நாலு இருக்கு, ஒய்ல ஒம்போதோ அதுக்கு மேலயோ இருக்கு. சீட் மேப்ல காலியா தெரியுறதை வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, டிக்கெட் வாங்கிட்டு இன்னும் சீட்டு எடுக்காதவங்க இடமும் அதுல காலியாதான் தெரியும்.

அக்காவுக்கு மூணு டிக்கெட் தலா 6,000-க்கும் ஒண்ணு 7,200-க்கும் தனித்தனியா போட்டோம், 3,600 ரூபா மிச்சம். ஆனா பிஎன்ஆர் ரெண்டாயிடும், ஃப்ளைட் கேன்சல் ஆனா ஆளுக்கொரு ஃப்ளைட்ல போட வாய்ப்பு இருக்கு, அதனால பெரிய ஆளு ஒருத்தரை மட்டும் பிரிங்க, குழந்தைய எப்பவும் அம்மா இல்ல அப்பா கூட ஒரே பிஎன்ஆர்ல வைங்க.