மொசார்ட் சொனாட்டாவுக்கு வேகம் பிடிப்பது

மொசார்ட்டின் சி மேஜர் சொனாட்டாவுக்கு (கே. 545, 1788) முதல் வரியை வைத்து வேகம் முடிவு செய்யாதீர்கள். ஐந்தாவது பாரில் (தாளக் கட்டத்தில்) ஓடும் ஸ்கேல்களில், அதாவது சுர வரிசைகளில், ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கிற வேகமே உங்கள் அலெக்ரோ (விரைவு நடை). தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 60இல் வைத்து, நான்கு நான்காகக் கூட்டுங்கள். புத்தகத்திலுள்ள மெட்ரோனோம் எண் பதிப்பாசிரியர் போட்டது. மொசார்ட் இறந்தது 1791இல், மேல்சல் என்பவர் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை பெற்றது 1815இல்.

பெரும்பாலும் கெடுப்பது இடதுகை. உடைத்து வாசிக்கும் கோர்டில் (சுரக் கூட்டில்) முதற்சுரத்துக்கு மட்டும் சிறிது பாரம், மற்றவை மிக மென்மையாக. தனியே பழகிய பிறகே வலதுகையைச் சேருங்கள். ஒலி கூடும்போது வேகமும் கூடிவிடும். போனில் பதிந்து முதல் நான்கு பாரையும் கடைசி நான்கையும் ஒப்பிடுங்கள்.

ஆண்டான்டே (மிதமான நடை) என்ற இரண்டாம் பகுதியை இழுக்க வேண்டாம். மெட்டைப் பாடுங்கள், வாக்கியம் முடியுமுன் மூச்சு முட்டினால் வேகம் குறைவு.

மட்டக்களப்பில் கீபோட்டில் பழகுகிறவர்கள் அழுத்தத்துக்கேற்ப ஒலி மாறும் வசதியை இயக்கிவையுங்கள். அது இல்லாத கருவியில் உணர்ச்சியோடு வாசிக்கப் பழக முடியாது. பியானோ என்றால், மாரிகால ஈரத்தில் மரம் ஊதிக் கட்டைகள் மேலெழத் தாமதிக்கும். அதற்காக விரலை இறுக்காதீர்கள், டியூனரிடம் காட்டுங்கள்.