லேப்டாப்பை விடுங்கள், சிம் போடும் தட்டு இருக்கிறதா?

அமெரிக்காவிலிருந்து போய் மூன்று வாரம் சென்னையில் அம்மாவோடு இருந்துகொண்டே வேலையும் பார்த்துவிடலாம் என்று டிக்கெட் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். துணிமணி, மாத்திரை, கொசுவத்தி விஷயமெல்லாம் உங்களுக்கே தெரியும். வேலைக்கான கருவிகளைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன். போன நவம்பரில் பட்ட சூடு இன்னும் ஆறவில்லை, அங்கங்கே எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பா டேப்லெட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், லேப்டாப்தான். டேப்லெட்டில் கீபோர்டு மாட்டிச் சமாளிக்கலாம் என்ற நினைப்பெல்லாம் விமானம் இறங்கும்வரைதான்; அம்மா வீட்டில் மேஜை கிடைக்காது, கட்டில் விளிம்பிலோ மாடிப்படியிலோ மடியில் வைத்துத்தான் தட்டப்போகிறீர்கள், மடியில் ஆடாமல் நிற்கிற ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றேகால் கிலோ சுமாருக்கு, யுஎஸ்பி-சியில் சார்ஜ் ஆகிறதாக இருந்தால் ஒரே 65 வாட் சார்ஜரில் போனும் அதுவும் நடந்துவிடும். இந்தியாவிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழைகிற விபிஎன் திறக்குமா என்று ஆபீஸில் முன்கூட்டியே கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக்காரப் பிள்ளைக்கு என்று இரண்டாவது லேப்டாப் வேண்டவே வேண்டாம். 18 வயது முடிந்த பயணிக்கு ஒரு லேப்டாப்புக்குத்தான் சுங்க வரி கிடையாது, இரண்டாவதற்கு மீனம்பாக்கத்தில் நின்று கதை சொல்ல வேண்டும். நான் முடியாது என்று சொன்னதில் சித்திக்குக் கோபம், இன்னும் பேசவில்லை. அது வேறு கதை. மலையேறும்போது மாட்டிக்கொள்கிற சாட்டிலைட் மெசேஜ் கருவி உங்கள் பையில் கிடந்தால் எடுத்து வீட்டிலேயே வையுங்கள், அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் போலீஸ்வரை போகும்.

நம் ஊர் கரண்ட் 230 வோல்ட். சார்ஜரில் 100-240 என்று அச்சடித்திருந்தால் பயமில்லை. ஆனால் அமெரிக்க ஜங்ஷன் பாக்ஸ் 125 வோல்ட்டுக்குச் செய்தது, இங்கே சொருகினால் புகைதான். இன்னொன்று, இரண்டு முள் அடாப்டரில் எர்த் கிடையாது. அதில் மாட்டிய உலோக உடம்பு லேப்டாப்பில் மணிக்கட்டை வைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி ஜிவ்வென்று இருக்கும். முதல் நாள் ராத்திரி எனக்கு நரம்பில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டேன். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்குப் போய் உங்கள் சார்ஜருக்குப் பொருந்துகிற மூன்று முள் ஒயர் கேளுங்கள், அங்கேயே ரவுட்டருக்கு என்று ஒரு குட்டி யுபிஎஸ்ஸும் கேளுங்கள். லேப்டாப்புக்குப் பேட்டரி உண்டு, வைஃபை பெட்டிக்குக் கிடையாது, மழைநாளில் கரண்ட் போனால் உங்கள் மீட்டிங்கும் சேர்ந்து போய்விடும். காலேஜ் பிராஜெக்டுக்கு ரெசிஸ்டர் தேடி அலைந்த அதே சந்துகளில் அரைமணி நேரம் சும்மாவே சுற்றினேன். இந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்த அரைமணி நேரம் அது.

பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், 100 வாட்-அவருக்குள் இருக்க வேண்டும். 20,000 எம்ஏஎச் என்றால் 74 சுமார், போதும். கார்த்திகையில் போனால் வாய்க்கு அருகே மைக் வருகிற ஹெட்செட் எடுத்துக்கொள்ளுங்கள், ஐயப்ப பஜனை உங்கள் மேனேஜருக்காக நிற்காது.

சரி, இப்போது போன். இதைத்தான் சொல்ல வந்தேன்.

அமெரிக்காவில் விற்கிற ஐபோனில், 2022-இல் வந்த 14-லிருந்து, சிம் போடும் தட்டே கிடையாது, எல்லாம் போனுக்குள்ளேயே பதிந்துகொள்கிற இ-சிம். நியூ ஜெர்சியில் அது ஒருநாளும் உறுத்தியதில்லை. அயனாவரத்தில் கடைக்காரப் பையன் பாஸ்போர்ட், போட்டோ எல்லாம் வாங்கிக்கொண்டு கடைசியில் ஒரு பிளாஸ்டிக் சிம்மை நீட்டினான். இ-சிம்மாக மாற்ற முடியாதா என்றேன். "மாத்தலாம் சார், இதை ஒரு போன்ல போட்டு அதுலேர்ந்து எஸ்எம்எஸ் அனுப்புங்க." போடத்தான் போன் இல்லை.

வீட்டில் தட்டு உள்ள ஒரே போன் அப்பாவுடைய பட்டன் போன். அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. அம்மா அதை டிவி பக்கத்தில் வைத்து இன்னும் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறாள். "டவர்தான்டா கெடைக்க மாட்டேங்குது, சார்ஜ் ஃபுல்லா இருக்கு" என்றாள். பின்மூடியை நகத்தால் நெம்பி, பேட்டரியைத் தூக்கி, பழைய சிம்மை வெளியே தள்ளியபோது கையை நீட்டி வாங்கிக்கொண்டு போய் விபூதி டப்பாவில் போட்டு மூடினாள்.

டவர் கிடைக்காததற்குக் காரணம் நான். காரியம் முடிந்து கிளம்பும்போது, அந்த நம்பருக்கு ரீசார்ஜை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஒரு வருஷம் செய்தேன், அப்புறம் விட்டுப்போனது. 90 நாள் உபயோகமும் இல்லாமல் காசும் இல்லாமல் கிடக்கிற நம்பரைக் கம்பெனி எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இருந்தவர், எல்லாப் பாரத்தையும் அவர்தான் நிரப்புவார், எல்லாவற்றிலும் தன் நம்பரைத்தான் எழுதுவார். அம்மாவின் குடும்பப் பென்ஷன் வருகிற கணக்கிலும் அதுதான், அம்மாவின் ஆதாரிலும் அதுதான்.

வங்கியில் கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லியிருந்தார்கள், போனால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. நம்பர் மாற்ற அம்மா நேரில் வர வேண்டும், முழங்கால் வலியோடு வந்து மாடி ஏறினாள். கைரேகை வைக்கச் சொன்னார்கள், விழவில்லை. அறுபது வருஷம் பாத்திரம் தேய்த்த விரல், ஈரத்துணியால் துடைத்து, தலைமுடியில் தேய்த்து, பத்து விரலையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. "பரவாயில்ல சார், ஆதார் ஓடிபி போட்டுடலாம்" என்றார் கவுண்டரில் இருந்த பெண். ஓடிபி எந்த நம்பருக்குப் போகும்? அப்பா நம்பருக்கு. நாளைக்கு வாங்க, சர்வர் டவுன், இன்னொரு செட் ஜெராக்ஸ் என்று நாலு நாள். நான் ராத்திரி ஏழரைக்கு உட்கார்ந்து விடிகாலை மூன்றரைக்கு எழுகிறவன், பத்து மணிக்கு அந்த இரும்பு நாற்காலியில் தூங்கி விழுந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது நாள் வங்கி வாசலில் நின்று அப்பா நம்பருக்கே போன் போட்டேன். என் போனில் இன்னும் 'அப்பா' என்றுதான் இருக்கிறது, திரையில் அந்தப் பேர் வந்தது, மணி அடித்தது, எடுத்தும்விட்டார்கள். யாரோ இளம் பையன், பின்னால் பஸ் ஹாரன். விஷயத்தைச் சொன்னேன். "ஓ, அந்த பென்ஷன் அக்கவுண்டா சார்? ரெண்டு வருஷமா மாசா மாசம் எனக்குத்தான் மெசேஜ் வருது. அம்மா நல்லா இருக்காங்களா?" ஓடிபி வந்தால் சொல்கிறேன் என்று அவனாகவே சொன்னான். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அது தப்பான வழி, நீங்களும் செய்யாதீர்கள், ஆனால் ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

வழி இதுதான்: வங்கிக்கு முன்னால் ஆதார் மையம். அங்கே கைரேகை விழாவிட்டால் கருவிழியை ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அம்மாவுக்குக் கண்ணில்தான் வேலை முடிந்தது. ஆதாரில் நம்பர் மாறிய பிறகு வங்கியில் பத்து நிமிஷம். பென்ஷனுக்காக நவம்பரில் கொடுக்க வேண்டிய வாழ்வுச் சான்றிதழ் இன்னும் சுலபம், ஜீவன் பிரமாண் ஆப்பில் முகத்தைக் காட்டினால் போதும். அதையும் பக்கத்து வீட்டுப் பையனின் ஆண்ட்ராய்டில்தான் செய்தோம்.

ஆகவே உங்கள் டிராயரில் கிடக்கிற பழைய ஆண்ட்ராய்டு, இரண்டு சிம் தட்டு உள்ளது, ஒரே கம்பெனி சிம்முக்கு என்று லாக் பண்ணாதது, அதை எடுத்துப் பையில் போடுங்கள். லேப்டாப் கெட்டால் கடையில் இன்னொன்று வாங்கிவிடலாம். திரும்பும்போது அதைக் கொண்டுவராதீர்கள், அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டு வாருங்கள், ரீசார்ஜ் முடிகிற தேதியை உங்கள் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கிக்கொடுத்த ஆண்ட்ராய்டு இப்போது டிவி பக்கத்தில் இருக்கிறது, பட்டன் போனும் அங்கேயேதான். நேற்றுப் பேசும்போது அம்மா சொன்னாள்: "ஒரு பிளக் பாயிண்ட்ல ரெண்டு போனுக்கு மாத்தி மாத்திப் போட வேண்டியிருக்குடா. அடுத்த தடவ வரும்போது ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வாங்கிட்டு வா."