பேஸ்64: கோப்பு எங்கே கெட்டுப்போகிறது?

படமோ பிடிஎஃப்போ, எழுத்துகளை மட்டுமே ஏற்கும் ஜேசான் (JSON) தரவு வடிவத்துக்குள் வைத்து அனுப்ப வேண்டுமென்றால், எந்தக் கோப்பையும் வெறும் எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 பக்கம் கை தானாகப் போகும். விதி எளிது. 3 பைட்டை, அதாவது 24 பிட்டை, ஆறு ஆறாக நான்கு பங்கு போட்டு, பங்குக்கு ஓர் எழுத்து. ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இலக்கம் 10, மிச்ச இரண்டுக்கு + மற்றும் /. மின்னஞ்சல் 7 பிட் எழுத்துகளை மட்டுமே நம்பிச் சுமந்த காலத்து ஏற்பாடு. 1992இல், மின்னஞ்சல் இணைப்புகளுக்கான மைம் தரத்தோடு பரவியது. இந்தக் கணக்கு தப்புவதில்லை. கோப்பு கெடுவது அதற்குள் நுழையும் முன், இல்லையென்றால் வெளியே வந்து பயணம் போகும்போது.

நுழையும் முன் நடக்கும் தவறுதான் மோசமானது. பைனரி கோப்பை, அதாவது படம் போல உரை அல்லாததை, உரையாகப் படித்துவிட்டு, அந்த உரையை என்கோட் செய்வது (பேஸ்64 ஆக்குவது). பைத்தானில் இப்படிச் செய்தால் பெரும்பாலும் பிழை காட்டி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ் அப்படியில்லை. யூடிஎஃப்-8 (உரையை பைட்டுகளாக எழுதும் முறை) என்று சொல்லிப் படித்தால், புரியாத பைட்டை எல்லாம் அந்தக் கறுப்பு வைரக் கேள்விக்குறியாக மாற்றிவிட்டுப் பேசாமல் இருக்கும். அந்தக் குறி 3 பைட். அதை பேஸ்64 ஆக்கினால் வருவது 77+9. பிஎன்ஜி கோப்பின் முதல் பைட் 137, ஜேபெக்கின் முதல் பைட் 255. இரண்டுமே யூடிஎஃப்-8 உரையின் தொடக்கத்தில் வர முடியாதவை. ஆகவே கெட்டுப்போன படம் 77+9 என்றுதான் தொடங்கும். நல்ல ஜேபெக் /9 என்று தொடங்கும். வாடிக்கையாளர் ‘படம் திறக்கவில்லை’ என்று அனுப்பும் சரத்தின் (எழுத்துத் தொடரின்) முதல் நான்கு எழுத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. பிடிஎஃப்பின் தொடக்கம் சாதாரண எழுத்துகள் என்பதால் அங்கே உள்ளே போய்த்தான் தேட வேண்டும். இப்படிக் கெட்டதை மீட்க வழி கிடையாது: எந்த பைட் இருந்த இடம் என்ற தகவலே போய்விட்டது. மூலக் கோப்பைத் திரும்பக் கேளுங்கள், பேஸ்64ஐத் திரும்பக் கோப்பாக்கும் டீகோடரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அடுத்தது தமிழில் எழுதுகிறவர்களை நேராகத் தாக்குவது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், ஆகவே பேஸ்64இல் சரியாக 4 எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல்லில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. மொத்தம் 20 எழுத்து. அதில் 12ஆவது எழுத்து /, 19ஆவது +. முதலாவது கொம்பிலிருந்தும் இரண்டாவது புள்ளியிலிருந்தும் வருகிறது. புள்ளியும் கொம்பும் இல்லாமல் தமிழில் எத்தனை வரி எழுதிவிட முடியும்? இந்தச் சரத்தை அப்படியே யூஆர்எல்லில் ஒட்டினால், வினவல் பகுதியில் + இடைவெளியாகிவிடும், பாதையில் / புதிய படியாகிவிடும். ஆங்கிலச் சோதனைத் தரவில் இது பல நாள் தெரியாமலே ஓடும். தமிழ்ப் பெயர் ஒன்று வந்ததும் விழும்.

விழுந்தால்கூடப் பரவாயில்லை. பைத்தானின் வழக்கமான டீகோடர் தனக்குத் தெரியாத எழுத்தைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். இடைவெளியாகிப்போன + உம் அப்படித்தான் போகும். ஒரு + போனால் நீளம் குறைந்து பிழை வரும். நான்கு + போனால்? நீளம் மறுபடி நான்கின் மடங்கு. பிழை வராது, குப்பை வரும். டீகோடரின் சரிபார்க்கும் தேர்வை (validate) இயக்கி வையுங்கள். யூஆர்எல்லுக்கு, + இடத்தில் - உம் / இடத்தில் _ உம் வைக்கும் வகை 2006இல் வந்த ஆர்எஃப்சி 4648 என்ற இணையத் தர ஆவணத்திலேயே இருக்கிறது. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே வகையைப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

உலாவியில் பேஸ்64 ஆக்கித் தரும் பிடூஏ (btoa) ஃபங்ஷனிடம் தமிழ்ச் சரத்தை நேரடியாகக் கொடுத்தால் பிழைதான் வரும். 255க்கு மேற்பட்ட குறியெண் அதற்கு ஆகாது. முதலில் டெக்ஸ்ட்என்கோடரால் பைட்டுகளாக்கி, ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாக்கிச் சரமாகக் கோத்து, அப்புறம் கொடுக்க வேண்டும்.

பெரிய கோப்பைத் துண்டு துண்டாக என்கோட் செய்து ஒட்டுகிறவர்கள் 1024 பைட் என்று வைப்பது வழக்கம். அது மூன்றால் வகுபடாது. ஒரு பைட் மிஞ்சும். நான்கு எழுத்தில் குறையும் இடத்தை பேஸ்64 சமக்குறியால் நிரப்பும். ஒவ்வொரு துண்டின் வாலிலும் == வந்து, சரத்தின் நடுவிலெல்லாம் சமக்குறி நிற்கும். சில டீகோடர்கள் முதல் சமக்குறியோடு வேலையை முடித்துக்கொள்ளும். ஒரு கிலோபைட் மட்டும் வந்து சேரும். 3072 என்று வையுங்கள்.

அளவையும் மறக்கக் கூடாது. மூன்று நான்காவதால் 33% கூடும். மின்னஞ்சலில் 76 எழுத்துக்கு ஒரு வரி உடைப்பதால் கிட்டத்தட்ட 37%. 25 எம்பி வரம்புள்ள சர்வரில் 20 எம்பி கோப்பு திரும்பி வருவது இதனால்தான். சுருக்குவதாக இருந்தால் என்கோட் செய்யும் முன்பே சுருக்குங்கள்.

இது பூட்டு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. சர்வர்களில் செயலிகளை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில், ரகசியம் வைக்கும் சீக்ரெட் கோப்பில் கடவுச்சொல்லை பேஸ்64 ஆக்கி, அந்தக் கோப்பை நிரல்களைச் சேமிக்கும் கிட்டில் (Git) ஏற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இன்னும் உண்டு. யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் திறந்து படிக்கலாம். அதே இடத்தில் இன்னொன்றும் நடக்கும்: டெர்மினலில் எக்கோ கட்டளையால் கடவுச்சொல்லை அனுப்பினால், அது கடைசியில் ஒரு புது வரிக் குறியைச் சேர்த்துவிடும். அதுவும் சேர்ந்தே என்கோட் ஆகும். திறந்து பார்த்தால் கடவுச்சொல் சரியாகத்தான் தெரியும், தரவுத்தளம் மட்டும் உள்ளே விடாது. பிரின்ட்எஃப் பயன்படுத்தினால் இந்தத் தலைவலி இல்லை.