முட்டி வலியும் ஏறாத எடையும்: ஊட்டியில் சரிசெய்த விதம்

ஊட்டிக் குளிரில் காலை ஆறு மணிக்கு விளையாட்டுக் கோர்ட்டில் இறங்கி வார்ம்-அப் இல்லாமல் நேரே குதித்தால், முட்டிச்சிப்பிக்குக் கீழே சுள்ளென்று பிடிக்கும். எனக்கு ஐந்து மாதம் அந்த வலி. எடையும் 68 கிலோவிலேயே நின்றது. ஓட்டமும் குதிப்பும் அதிகம், பளு தூக்கும் பயிற்சி குறைவு, சாப்பாடு அதைவிடக் குறைவு, தவறு அங்கேதான்.

மேட்டு ஓட்டத்தை வாரம் ஒருமுறையாக்கினேன். முட்டியை வாட்டுவது ஏற்றமல்ல, இறக்கம். அதனால் இறங்கும்போது நடைதான்.

வார்ம்-அப் 15 நிமிடம், வியர்வை அரும்பும்வரை. பிறகு சுவரில் முதுகு சாய்த்து நாற்காலி நிலை, 45 விநாடி வீதம் ஐந்து முறை. தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) வலி தணிய எனக்கு மிகவும் உதவியது இதுதான்.

ஸ்குவாட் (பளுவுடன் உட்கார்ந்து எழுவது) வாரம் இரண்டு நாள்: 5 ரெப் (ஒரு மூச்சில் செய்யும் எண்ணிக்கை), 4 செட் (சுற்று), கீழே இறங்க 3 விநாடி. எல்லா ரெப்பும் சுத்தமாக முடிந்தால் மட்டும் அடுத்த வாரம் பளுவில் 2.5 கிலோ கூட்டலாம். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால் தூக்கும் பளுவைக் குறைக்க வேண்டும். பல்லைக் கடித்துத் தூக்கக் கூடாது. பின்தொடைக்கு ருமேனியன் டெட்லிஃப்ட் (முட்டியை லேசாக மடக்கி, இடுப்பிலிருந்து குனிந்து பளுவுடன் நிமிர்வது), 8 ரெப், 3 செட். மறுநாள் குதிக்கும் பயிற்சி வேண்டாம்.

புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம், அதாவது எனக்கு 110 கிராம் அளவில். நான்கு முட்டையில் 24, அரை லிட்டர் பாலில் 16, 50 கிராம் சோயா உருண்டையில் 26. மீதி கோழி, பருப்பு, சுண்டல். சோற்றைக் குறைத்தால் எடை ஏறாது. மலையில் நடக்கும் நடைக்கே நிறையச் சக்தி செலவாகிறது. வாரம் கால் கிலோ ஏறினால் போதும்.