ஃப்ளோட்டிங் உரிமங்களை நிர்வகிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுபது கணினிகள் கொண்ட ஒரு பொறியியல் ஆய்வகத்துக்கு இருபது மென்பொருள் உரிமங்களே வாங்கப்பட்டிருந்தால் அது குறையன்று. ஒரே நேரத்தில் இருபது பேருக்கு மேல் அந்த மென்பொருளைத் திறக்கமாட்டார்கள் என்ற கணிப்பின் மேல்தான் ஃப்ளோட்டிங் லைசென்ஸ் என்ற ஏற்பாடே நிற்கிறது. உரிமங்கள் தனித்தனிக் கணினிகளில் இல்லாமல் ஒரு சர்வரில் இருக்கும். மென்பொருளைத் திறப்பவர் ஒன்றை எடுத்துக்கொள்வார், மூடும்போது அது சர்வருக்குத் திரும்பிவிடும். மேட்லேப், ஆன்சிஸ் உள்ளிட்ட பல பொறியியல் மென்பொருள்கள் இதற்கு ஃப்ளெக்ஸ்நெட் என்ற உரிம மேலாளரைப் பயன்படுத்துகின்றன. நூலகத்தில் புத்தகம் எடுப்பதைப் போன்ற முறை இது. ஆனால் எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று நூலகர் பார்ப்பதைப் போல இங்கே யாரும் பார்ப்பதில்லை. பில்லையும் உரிமக் கோப்பையும் பத்திரப்படுத்தினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

‘அனுமதிக்கப்பட்ட பயனர் எண்ணிக்கை நிரம்பிவிட்டது’ என்று பொருள்படும் -4 என்ற பிழை எண் திரையில் வந்ததும், கூடுதல் உரிமங்களுக்கு விலைப்புள்ளி கேட்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம். அதற்கு முன் சர்வரின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். யார் எப்போது உரிமம் எடுத்தார், எப்போது திருப்பினார், யாருக்கு மறுக்கப்பட்டது என்பவை ‘அவுட்’, ‘இன்’, ‘டினைட்’ என்ற குறிப்புகளோடு அதில் வரிசையாக இருக்கும். மறுப்புகளின் எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. உரிமம் கிடைக்காத மென்பொருள் தானே மீண்டும் மீண்டும் கேட்கக்கூடும் என்பதால், ஒரே மாணவரின் ஒரே முயற்சி பத்து மறுப்புகளாகப் பதிவாகியிருக்கலாம். எத்தனை வரிகள் என்பதைவிட, எத்தனை வெவ்வேறு பெயர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பதே கணக்கு.

சர்வரை மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும் பழைய பதிவேடு அழிந்து புதியது தொடங்கும்படி பல இடங்களில் விட்டுவைத்திருக்கிறார்கள். பதிவேட்டுக் கோப்பின் பாதைக்கு முன் ஒரு கூட்டல் குறி இட்டால் போதும், பழையதன் தொடர்ச்சியாகவே எழுதப்படும். இந்த ஒரு குறி இல்லாததால், ஆண்டு இறுதியில் கொள்முதல் குழு ‘உண்மையில் எத்தனை உரிமங்கள் தேவை?’ என்று கேட்கும்போது காட்டுவதற்குக் கடைசி மூன்று வாரக் கணக்கு மட்டுமே மிஞ்சுகிறது.

பதிவேட்டைப் படிக்கத் தொடங்கினால், தட்டுப்பாட்டின் காரணம் பல நேரங்களில் எண்ணிக்கையில் இல்லை என்பது தெரியவரும். மேட்லேபில் ஒரு கூடுதல் தொகுப்பிலுள்ள ஏதாவது ஒரு கட்டளையை ஒரே ஒரு முறை பயன்படுத்தினாலும், அந்தத் தொகுப்பின் உரிமம் மேட்லேபை மூடும்வரை அந்தப் பயனரிடமே தங்கிவிடுகிறது. காலையில் ஒரு வரைபடத்துக்காகப் புள்ளியியல் தொகுப்பைத் தொட்ட ஆராய்ச்சி மாணவர், கணினியைப் பூட்டிவிட்டு உணவுக்கும் வகுப்புக்கும் போய் மாலையில் திரும்பினால், இடையில் அவர் பெயரில் ஓர் உரிமம் சும்மா கிடக்கும். வேலை முடிந்ததும் மூடுங்கள் என்று சுவரில் ஒட்டும் அறிவிப்பால் பெரிய பலன் இருப்பதில்லை. மென்பொருள் ஆதரிக்குமானால், சும்மா கிடக்கும் உரிமத்தைச் சர்வரே திரும்ப எடுத்துக்கொள்ளும் கால வரம்பை, உரிமங்களை யாருக்கு எப்படி வழங்குவது என்ற விதிகளைக் கொண்ட விருப்பக் கோப்பில் (ஆப்ஷன்ஸ் ஃபைல்) எழுதிவைக்கலாம். எல்லா மென்பொருளும் அதற்கு இணங்குவதில்லை என்பதால், எழுதியபின் ஒரு கணினியில் சோதித்துப் பார்க்காமல் விடக்கூடாது.

இந்த விருப்பக் கோப்புதான் தவறுகளின் விளைநிலம் என்பேன். பேராசிரியர்களுக்கென்று ஐந்து உரிமங்களை ‘ரிசர்வ்’ செய்துவைத்தால், அவர்கள் யாருமே வராத நாளிலும் அந்த ஐந்தும் மற்றவர்களுக்குக் கிடைக்கா. இருபதில் பதினைந்தே புழக்கத்தில் இருக்க, மாணவர்கள் -4 பிழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘இன்க்ளூட்’ என்ற சொல்லோ இன்னும் ஏமாற்றக்கூடியது. ஒரு குழுவுக்கு முன்னுரிமை தருவதாக நினைத்து அதை எழுதுவார்கள். ஆனால் அந்த வரி வந்த கணத்திலிருந்து பட்டியலில் இல்லாத எல்லோருக்கும் கதவு அடைபட்டுவிடும். குழுவின் பயனர் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் இயல்புநிலையில் சர்வர் பொருட்படுத்துகிறது; ஓர் எழுத்து மாறினால் அந்தப் பயனர் பட்டியலிலேயே இல்லாதவர்தான்.

வெளியூர்ப் பணிக்காக உரிமத்தை மடிக்கணினியில் இரவல் எடுத்துச் செல்லும் வசதியும் இதே வகையைச் சேர்ந்தது. குறித்த தேதி வரும்வரை அந்த உரிமம் சர்வரின் கணக்கில் வெளியே சென்றதாகவே இருக்கும். இடையில் அந்த மடிக்கணினியை ஃபார்மேட் செய்துவிட்டால், திருப்பித் தரவும் வழியில்லை, தேதி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். எனவே இரவல் காலத்துக்கு ஓர் உச்சவரம்பு வைப்பதும், கணினியைத் துடைக்கும் முன் இரவல் நிலையைப் பார்ப்பதும் பராமரிப்புப் பிரிவின் வழக்கமாக வேண்டும்.

சர்வரை அமைப்பதில் நேரும் தவறுகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் நேர்ந்தால் எல்லோருக்கும் ஒன்றாக வேலை நின்றுபோகும். உரிமக் கோப்பு பெரும்பாலும் சர்வரின் மேக் முகவரியோடு, அதாவது அதன் பிணைய அட்டையின் அடையாள எண்ணோடு, பிணைக்கப்பட்டிருக்கும். மெய்நிகர்க் கணினியில் (ஓர் இயந்திரத்துக்குள் மென்பொருளாக இயங்கும் கணினியில்) சர்வரை வைத்து, அதை வேறு இயந்திரத்துக்கு நகலெடுக்கும்போது புதிய முகவரி தானாக உருவானால் உரிமம் செல்லாததாகிவிடும். முகவரியை நிலையாக அமைப்பதே தீர்வு. கோப்பில் சர்வரின் பெயரையும் போர்ட் எண்ணையும் (பிணையம் வழியாக ஒரு நிரலை அடையும் வாசலின் எண்) நாம் மாற்றலாம்; மேக் முகவரி இருக்கும் இடத்தைத் தொட்டால் கோப்பிலுள்ள டிஜிட்டல் கையொப்பம் பொருந்தாமல் உரிமம் செல்லாது.

ஃபயர்வாலில் 27000 என்ற ஒரு போர்ட்டை மட்டும் திறந்துவிட்டு முடிந்தது என்று எண்ணுவது இன்னொன்று. முதன்மை நிரல் அங்கே பதில் சொன்னாலும், உரிமத்தை உண்மையில் வழங்குவது மென்பொருள் நிறுவனத்துக்குரிய தனி நிரல். அதற்குப் போர்ட் எண் குறிப்பிடாவிட்டால் ஒவ்வொரு தொடக்கத்திலும் இயக்க அமைப்பு ஏதோ ஒன்றைக் கொடுக்கும். நேற்று வரை ஓடியது, மின்தடைக்குப்பின் ஓடவில்லை என்ற புகார் வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். ஒன்று பழுதானாலும் வேலை நிற்காதிருக்க மூன்று சர்வர் வைக்கும் ஏற்பாட்டில் குறைந்தது இரண்டு இயங்கினால் மட்டுமே உரிமம் கிடைக்கும் என்பதை மறந்து, மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் இணைப்பவர்களும் உண்டு.

விண்டோஸ் உரிமத்தில் தவறு வேறு வடிவம் எடுக்கிறது. விண்டோஸின் உரிமத்தை வளாகத்துக்குள்ளேயே உறுதிசெய்து செயல்படுத்தும் (ஆக்டிவேஷன்) கேஎம்எஸ் என்ற சர்வர், குறைந்தது 25 விண்டோஸ் கணினிகள் தன்னை அணுகிய பிறகே அவற்றைச் செயல்படுத்தும். ஒரு கணினியை அமைத்து, அதன் நகலை நாற்பதில் இறக்கும்போது சிஸ்பிரெப் என்ற விண்டோஸ் கருவி கொண்டு பொதுமைப்படுத்தாமல் (அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்காமல்) விட்டால், நாற்பதும் ஒரே அடையாள எண்ணோடு வரும். சர்வர் அவற்றை ஒரே கணினியாக எண்ணி, கணக்கு ஒன்றிலேயே நிற்கும். கேஎம்எஸ் வழியாகப் பெற்ற செயலாக்கம் 180 நாட்களே செல்லும் என்பதால், விடுமுறையில் வீட்டுக்குச் சென்று அரையாண்டு வளாகப் பிணையத்தைத் தொடாத மடிக்கணினி திரும்பும்போது எச்சரிக்கையோடுதான் திறக்கும்.

‘இலவசம்’ என்று நிறுவப்படுபவை தனிக் கவலை. மெய்நிகர்க் கணினிகளை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படை நிரல் திறந்த மூலம். அதன் கூடுதல் தொகுப்பு தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும் இலவசம், வணிக நிறுவனத்துக்கு அப்படியன்று. நிரல்களைத் தனித்தனிப் பொதிகளாக இயக்க உதவும் டாக்கர் டெஸ்க்டாப் 2021 முதல், வணிக நிறுவனங்களில் 250 பேருக்குக் குறைந்த ஊழியர்களும் ஒரு கோடி டாலருக்குக் குறைந்த ஆண்டு வருவாயும் உள்ளவற்றுக்கு மட்டுமே கட்டணமற்றது. பதிவிறக்கப் பக்கம் பணம் கேட்காததால் யாரும் நிபந்தனைகளைப் படிப்பதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, கணினி நிரலின் உரிமமற்ற நகலைத் தெரிந்தே பயன்படுத்துபவருக்கு 7 நாட்கள் முதல் 3 ஆண்டுகள் வரை சிறையும், ரூ. 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக ஆதாயம் இல்லாத நிலையில் நீதிமன்றம் சிறைத் தண்டனையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம்.

இத்தனையையும் சரியாகச் செய்த ஓர் இடத்தில், புதுப்பிப்பு நாளன்று புதிய உரிமக் கோப்பை எடுக்க முடியாமல் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். விற்பனை நிறுவனத்தின் இணையக் கணக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுச் சென்ற ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அவர் தொலைபேசியை எடுத்தது மறுநாள் மாலைதான்.