சிறு தீவுப் பறவைகளின் மரபணு வளத்தைக் கணக்கிட்டுக் காக்கும் முறை

ஐம்பதோ நூறோ பறவைகளாகச் சுருங்கிவிட்ட ஒரு தீவு இனத்தின் மரபணுவை ஆராயப் புகுவோர், ஊசியையும் குப்பியையும் கையில் எடுப்பதற்கு முன், எந்த முடிவை எடுப்பதற்காக அந்த ஆய்வு என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வேறொரு தீவுக்குப் பறவைகளைக் கொண்டுபோவதா, அப்படியானால் எத்தனை, எவற்றை? வெளியிலிருந்து புதிய பறவைகளைக் கொண்டுவருவதா, எங்கிருந்து? களத்தில் உண்மையாக எழும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். முட்டைகளை எலி தின்றுகொண்டிருக்கும் தீவில் மரபணு ஆய்வு முதல் வேலையே அல்ல. எலியை ஒழிப்பதுதான் முதல் வேலை.

செஷல்ஸ் நாட்டின் கசின் தீவு இதற்கு நல்ல சான்று. ஏறத்தாழ 29 ஹெக்டேர் பரப்புள்ள அத்தீவில் தென்னை பயிரிடப்பட்டதால் இயற்கைக் காடு அழிந்து, உலகில் வேறெங்கும் இல்லாத செஷல்ஸ் கதிர்க்குருவி முப்பதுக்கும் குறைவாகிவிட்டது. 1968-இல் பறவைப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பு தீவை வாங்கித் தென்னையைக் கட்டுப்படுத்திக் காட்டை மீளவிட்டதும், குருவிகள் 1980-களில் முந்நூறைத் தாண்டின. அதுவரை மரபணு ஆய்வுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. ஒரே தீவை நம்பியிருக்கக் கூடாது என்று பிற தீவுகளில் குருவிகளைக் குடியேற்ற முனைந்தபோதுதான் அதன் தேவை வந்தது.

மாதிரி எடுப்பதில் அவசரம் கூடாது. மிஸ்ட் நெட் எனப்படும் மெல்லிய வலையில் பறவையைப் பிடித்து, எண் பொறித்த உலோக வளையத்தையும் தொலைவிலிருந்தே அடையாளம் காண உதவும் வண்ண வளையங்களையும் காலில் இட்டபின், இறக்கையின் உட்புறம் தெரியும் சிரையை நுண்ணிய ஊசியால் குத்தி, ஊறி நிற்கும் துளியை நுண்குழாயில் ஏற்ற வேண்டும். பாலூட்டிகளைப் போலன்றிப் பறவைகளின் சிவப்பணுக்களில் உட்கரு இருப்பதால், சுமார் 25 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு சிறு துளி, பல ஆய்வுகளுக்குப் போதுமான டி.என்.ஏ. தரும். உடல் எடையில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் இரத்தம் எடுக்கக் கூடாது என்பது பொது விதி. 15 கிராம் குருவிக்கு அந்த 25 மைக்ரோலிட்டர் அந்த வரம்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். துளியைத் தூய எத்தனாலில் இட்டு, வளைய எண்ணைக் குப்பியின் மீது பென்சிலால் எழுதுங்கள். எத்தனால் கசிந்தால் பேனா மை அழிந்துபோகும். இந்தியாவில் இவ்வேலைக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முன் அனுமதி கட்டாயம்.

ஆய்வகத்தில் முதலில் ஒவ்வொரு பறவையின் பாலினத்தையும் உறுதிசெய்ய வேண்டும். பறவைகளில் பெண்ணுக்கே இருவேறு பால் குரோமோசோம்கள் உள்ளன, அவற்றில் உள்ள சி.எச்.டி. மரபணுவைப் பி.சி.ஆர். எனும் டி.என்.ஏ. நகலாக்க முறையில் பெருக்கினால் பெரும்பாலான இனங்களில் பெண்ணுக்கு இரண்டு பட்டைகளும் ஆணுக்கு ஒன்றும் தெரியும். அடுத்தது பெற்றோரைக் கண்டறிதல். கூட்டில் இரை ஊட்டுகிற ஆணே தந்தை என்று எழுதிக்கொண்டால் வம்சாவளி முழுவதும் பிழையாகும்: செஷல்ஸ் கதிர்க்குருவியில் குஞ்சுகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு இணைக்கு வெளியே பிறந்தவை. மைக்ரோசாட்டிலைட் எனப்படும், டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் குறுந்துண்டுக் குறியீடுகள் தந்தையைக் காட்டப் பெரும்பாலும் போதும். உட்கலப்பின், அதாவது நெருங்கிய உறவுகளுக்குள் இணைசேர்வதன், அளவைத் துல்லியமாக அறிய வேண்டுமானால் முழு மரபணுத்தொகையையே வாசிப்பது மேல்.

தலைகளை எண்ணிப் பெறும் தொகை வேறு, அடுத்த தலைமுறைக்கு மரபணுவைக் கடத்தும் பயனுறு தொகை வேறு. இனப்பெருக்கம் செய்யும் ஆண்களின் எண்ணிக்கையையும் பெண்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அதன் தோராய மதிப்பு கிடைக்கும். 5 ஆணும் 45 பெண்ணும் உள்ள கூட்டத்தில் தலைகள் ஐம்பது, பயனுறு தொகையோ 18 மட்டுமே. ஒரு தலைமுறையில் இழக்கப்படும் மரபணு வேறுபாட்டின் பங்கு, பயனுறு தொகையின் இருமடங்கால் ஒன்றை வகுத்தால் வரும் அளவு; ஆகவே அந்தக் கூட்டம் பத்துத் தலைமுறையில் நாலில் ஒரு பங்கை இழந்துவிடும், பயனுறு தொகை உண்மையிலேயே 50 ஆக இருந்தால் பத்தில் ஒரு பங்கைத்தான் இழக்கும். அறிக்கையில் இந்த எண்ணை முதல் பக்கத்திலேயே போடுங்கள், ஏனெனில் நிர்வாகிகள் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இன்றைய வேறுபாடு குறைவாகத் தெரிந்தால் அது அண்மைச் சரிவின் விளைவா, அந்த இனத்தின் இயல்பா என்று அறிய அருங்காட்சியகங்களின் பழைய பறவைத் தோல்களே வழி. பாதத்தின் அடித்தோலிலிருந்து ஒரு சீவல் போதும். 1974-இல் காட்டில் நான்கே நான்கு எனத் தெரியவந்த மொரிஷியஸ் வல்லூறின் 19-ஆம் நூற்றாண்டு மாதிரிகளை ஆராய்ந்தபோது, பெருநிலப்பரப்பு வல்லூறுகளுக்கு நெருங்கிய அளவு வேறுபாடு அதற்கும் முன்பு இருந்தது தெரிந்தது.

எத்தனை பறவைகளைக் குடியேற்றுவது என்பதற்குக் கணக்கு எளிது. ஒரு மரபணுவின் நூறு பிரதிகளில் ஐந்தில் மட்டுமே காணப்படும் அரிய அல்லீல், அதாவது மாற்று வடிவம், ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 5 பறவைகளைக் கொண்டுபோனால் அது கூடவே போவதற்கான வாய்ப்பு 40 விழுக்காடு, 10 என்றால் 64, 29 என்றால் 95. இது புறப்படும்போதைய கணக்கு. போனவற்றில் சில இறக்கும், சில இனப்பெருக்கமே செய்யாது. கசின் தீவிலிருந்து 1988-இல் செஷல்ஸின் அரிட் தீவுக்கும் 1990-இல் கசீன் (Cousine) எனும் வேறொரு தீவுக்கும் 29 கதிர்க்குருவிகள் வீதம் சென்றன. 2004-இல் டெனிஸ் தீவுக்கு 58-உம், 2011-இல் ஃப்ரீகேட் தீவுக்கு 59-உம் சென்றன. முந்தைய இரு கூட்டங்களில் வேறுபாடு சற்றுக் குறைந்தது, பிந்தையவற்றில் மூலக்கூட்டத்துக்கு ஒப்பாக நின்றது. தாய்த் தீவு தாங்குமானால் அறுபதுக்கே என் வாக்கு. நெருங்கிய உறவினரை வம்சாவளி பார்த்து விலக்குங்கள்.

புதுக் குருதி தேவைப்படும்போது நல்ல நிலையிலுள்ள கூட்டம் எங்கும் இல்லையே என்று கைவிட வேண்டியதில்லை. நியூசிலாந்தில் மொட்டுவாரா, ஆல்போர்ட்ஸ் தீவுகளின் ராபின் கூட்டங்கள் இரண்டும் 1973-இல் ஐந்தைந்து பறவைகளிலிருந்து தோன்றியவை, இரண்டுமே உட்கலப்பால் நலிந்தவை. பெண்களை மட்டும் இடம் மாற்றிவிட்டதில், கலப்பில் பிறந்த குஞ்சுகளின் பிழைப்புவீதமும் நோயெதிர்ப்பும் விந்தணுத் தரமும் உயர்ந்தன. இரு கூட்டங்களும் வெவ்வேறு குறைகளைச் சுமந்திருந்ததே காரணம். நார்ஃபோக் தீவில் 1986-இல் ஒரே ஒரு பெண் ஆந்தை எஞ்சியிருந்தபோது நியூசிலாந்திலிருந்து நெருங்கிய உறவின ஆண்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தூய்மை கெட்டது என்று சிலர் குறைகூறலாம். வேறு வழி அங்கு இல்லை. ஆனால் வேறு வழி உள்ள இடத்தில், நெடுங்காலம் பிரிந்து வெவ்வேறு சூழலுக்குப் பழகிய கூட்டங்களைக் கலந்தால் வெளிக்கலப்பின் தீங்கு நேரலாம் என்பதால், அருகிலுள்ளதையே முதலில் நாடுங்கள்.

குடியேற்றிய பின் ஆண்டுதோறும் குஞ்சுகளின் இரத்தத்தோடு பொரியாத முட்டைகளின் கணக்கையும் எடுங்கள். ஒரு காலத்தில் 150-க்கும் கீழே சரிந்த இனங்களில் பொரியாமை கூடுதலாகவே இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. நல்ல ஆண்டுகளின் எண்களை மட்டும் வைத்து உட்கலப்பால் கேடில்லை என்று முடிவுகட்டக் கூடாது. கனடாவின் மாண்டார்ட்டே தீவில் 1989-இல் பாடும் சிட்டுகள் பெருமளவில் மடிந்தபோது, பிழைத்தவற்றைவிட மாண்டவற்றிடமே உட்கலப்பு மிகுந்திருந்தது. எனவே கண்காணிப்புத் திட்டத்துக்குப் பணம் கேட்கும்போது, குறைந்தது ஒரு கடும்புயலோ வறட்சியோ வந்துபோகும் அளவுக்கு நீண்ட காலத்துக்குக் கேளுங்கள்.