கார் எந்த ஊர்ச் சரக்கு? லேபிளைப் படிக்கும் முறை

அமெரிக்காவில் புதுக் கார் வாங்கும்போது பிராண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். முன்கண்ணாடியில் ஓட்டுநர் பக்கக் கீழ் மூலையில் எண்ணும் எழுத்தும் கலந்த 17 இலக்க விஐஎன், அதாவது வண்டியின் அடையாள எண், தெரியும். முதல் இலக்கம் 1, 4, 5 என்றால் அமெரிக்கத் தயாரிப்பு. 2 கனடா, 3 மெக்சிகோ, ஜே ஜப்பான்.

பாகங்கள் வந்த இடம் அதில் தெரியாது. அதற்கு ஜன்னல் லேபிள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்க-கனடா பாகங்களின் சதவீதம் அதில் இருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான்: கனடாவும் சேர்த்த கணக்கு அது, மெக்சிகோ பாகமோ வெளிநாட்டுக் கணக்கில் போய்விடும். கார் கம்பெனிக்கு வெளியே உள்ள சப்ளையரின் பாகத்தில் 70% உள்நாட்டு (அமெரிக்க-கனடா) மதிப்பு இருந்தாலே முழுசாக உள்நாட்டுப் பாகம்! தவிர, அந்த மாடல் வரிசை முழுவதற்குமான சராசரி அது. உங்கள் வண்டிக்கு மட்டுமானதல்ல. எஞ்சின், கியர்பாக்ஸ் எந்த நாடு என்று தனியே போட்டிருப்பார்கள். அந்த இரண்டு வரிகளைக் கட்டாயம் படியுங்கள்.